ஒரே காம்பில் மூன்று நிறம்

நான் இங்கிலாந்துக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, சண்டை போட. என் கைப்பையில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் காய்ந்துபோன ஒரு சின்னப் பூங்கொத்து, விரல் நீளம்கூட இல்லை, மங்கிய ஊதா நிறம். அதுதான் என் சாட்சி. அதே நிறத்தில் ஒரு பனியன் சட்டையும் மடித்து வைத்திருந்தேன். இரண்டையும் அந்த அம்மாவின் கண் முன்னால் வைத்து, "எங்கே தப்பு, காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். விமானம் ஏறியதிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவின் பெயர் ஹெலன். இங்கிலாந்தின் மேற்கே ஒரு கிராமத்தில் பூச்செடி நர்சரி வைத்திருக்கிறார். வளர்ப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு வகைப் பூ, வால்ஃபிளவர். பழைய சுவர்களின் இடுக்கில் முளைக்கும் செடி என்பதால் அந்தப் பெயராம். வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில், ஊரையெல்லாம் கூப்பிட்டு நர்சரியைத் திறந்து காட்டுவார். அன்றைக்கு விற்பதற்கு, தன் பூவின் நிறத்திலேயே சட்டை வேண்டும் என்று திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு எழுதினார். அங்கே ஆர்டர்களைக் கவனிப்பது என் வேலை. சின்ன ஆர்டர்தான். சீசன் மந்தமாக இருந்ததால் முதலாளி எடுத்துக்கொண்டார்.

எங்கள் தொழிலில் ஒரு நிறத்தை யாரும் வாயால் சொல்லி நம்ப மாட்டோம். படத்தையும் நம்ப மாட்டோம். போனில் ஒரு நிறம் தெரியும், கம்ப்யூட்டரில் வேறு நிறம் தெரியும். கையில் தொடுகிற மாதிரி ஒரு துணித் துண்டோ நூலோ வந்தால்தான் அது ஸ்டாண்டர்ட். அதன் பிறகு அதுதான் கடவுள். அதற்குச் சரியாகச் சாயம் வந்துவிட்டால் யார் கேட்டாலும் பதில் சொல்லலாம். ஹெலனுக்கு இந்த வழக்கம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். துணிக்குப் பதில் பூவையே, காம்பில் ஈரப் பஞ்சு சுற்றி, ஒரு குட்டிப் பெட்டியில் வைத்து கூரியரில் அனுப்பிவிட்டார். சாதாரணமாக முதலில் கையகலத் துணியில் சாயம் போட்டு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகே மொத்தத் துணியையும் சாயத்தில் இறக்குவோம். இந்தத் தடவை அதற்கு நேரமில்லை. பூவைப் பார்த்து நேராகப் போட்டுவிடுங்கள், உங்களை நம்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

செடியின் படம் ஒன்றும் மெயிலில் வந்தது. அதில் ஆரஞ்சும் ஊதாவும் கலந்து கிடந்தன. இரண்டு வகைச் செடிகளை நெருக்கி நட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு படத்தை மறந்துவிட்டேன். பழநிக்குப் பாதயாத்திரை போய்விட்டு வந்த மறுநாள் காலை, பூப்பெட்டியைச் சாயம் போடுகிற எங்கள் டையிங் மாஸ்டர் ரங்கசாமியிடம் கொடுத்து, "மாஸ்டர், இதுதான் ஸ்டாண்டர்ட்" என்றேன்.

ரங்கசாமிக்கு ஐம்பத்தாறு வயது. பல்லடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தறிக்காரக் குடும்பம். கழுத்தில் ஒரு உருத்திராட்சம், நெற்றியில் திருநீறு, வாயில் அதிகம் பேச்சு இருக்காது. பூவை லைட் பாக்ஸில் வைத்தார். அது கலர் பார்ப்பதற்கென்றே உள்ள பெட்டி. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இரண்டு நாளில் துணி வந்தது. பூவையும் துணியையும் சேர்த்து வைத்தபோது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

சட்டைகள் விமானத்தில் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் நாள் ஹெலனிடமிருந்து மெயில். நான் அனுப்பிய பூ இந்த நிறமே இல்லை என்று ஒரே வரி. முதலாளி லேபுக்கு இறங்கி வந்து ரங்கசாமியை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். ரங்கசாமி திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார். "பூவுக்குத்தான் போட்டனுங்க." மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். லேபில் அவர் நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இந்த வயதில் ஷேடு, அதாவது நிறம், தப்பவிட்டவர் என்று பெயர் வந்துவிட்டால் வேறு எந்தச் சாயப் பட்டறையிலும் உள்ளே விட மாட்டார்கள். டீக்கடையில் ஒருத்தர் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

நான் முதலாளியிடம் போய் மல்லுக்கு நின்றேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் விலையைக் குறைக்க இப்படியெல்லாம் கதை கட்டுவார்கள், மாஸ்டர் மேல் தப்பே இல்லை என்றேன்.

"அப்படீன்னா நீங்களே போயிட்டு வாங்க. பூவையும் சட்டையையும் அந்தம்மா கண்ணு முன்னால வெச்சுக் காட்டுங்க. ஒத்துக்கிட்டாங்கன்னா ரங்கசாமி நாளைக்கே வரட்டும். இல்லீன்னா அவரு வேற எடம் பாத்துக்கட்டும். சட்டை திரும்பி வந்து, காதர்பேட்டைச் சந்தைக்கு, கழிச்ச துணியோட, குமிச்சு விக்கப் போகட்டும்" என்றார் முதலாளி.

இப்படித்தான் நான் கிளம்பினேன்.

முதல் நாள் லண்டன். மே மாதம் என்றால் எங்கள் ஊரில் தார் உருகும். அங்கே ரயில் நிலையத்தில் வாயைத் திறந்தால் புகை வந்தது. ஒரு கடையில் சைவம் என்று எழுதியிருந்ததை நம்பி ஒரு சாண்ட்விச் வாங்கினேன். உள்ளே முட்டை, முட்டைக்கு மேல் பச்சையாக ஏதோ நூல்நூலாக முளை. வாயில் வைத்ததும் திடுக்கிட்டேன். கடுகைப் பச்சையாக மென்றால் மூக்கில் ஏறுமே, அதே சுருக். ரொட்டியை மூடி வைத்துவிட்டு, சம்சாரம் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ரயிலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ரயிலில் எதிரே ஒரு பெரியவர், தொப்பி வைத்தவர். நான் டப்பாவைத் திறந்ததும் பேப்பரை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். அந்தக் கறுப்பு மணிகள் என்ன என்று கேட்டார். கடுகு என்றேன். "கடுகா? முழுசாகவா?" என்றார், நான் கல்லைத் தின்கிற மாதிரி. அவர்கள் ஊரில் கடுகை மஞ்சள் விழுதாக அரைத்துக் கறிக்குத் தொட்டுக்கொள்வார்களாம். எண்ணெயில் போட்டு வெடிக்க விடுவோம் என்று சொன்னதும், ஆபத்தில்லையா என்று விசாரித்தார். நான் சிரித்துக்கொண்டே கடுகு வெடிப்பதன் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஏதோ அறிவிப்பு வந்தது. பெரியவர் தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டு எழுந்து முன் பெட்டிகள் பக்கம் நடந்தார். நான் விரலை நக்கிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. சற்று நேரத்தில் முன்பாதி ரயில் என் கண் முன்னாலேயே நகர்ந்து போனது. என் பாதி அங்கேயே நின்றது. விளக்குகள் அணைந்தன.

நம் ஊரில் ரயில் தாமதமாக வரும், வராமல்கூட இருக்கும். பாதி மட்டும் போவதை நான் கண்டதில்லை. கூட்டிப் பெருக்க வந்த பெண்தான் சொன்னார், முன்னால் நான்கு பெட்டி மட்டும்தான் மேற்கே போகும், அதைத்தான் அறிவித்தார்கள் என்று. அடுத்த வண்டி இரண்டு மணி நேரம் கழித்து. வேறு வழியில்லாமல், யாருடன் சண்டை போட வந்தேனோ அவருக்கே போன் போட்டு நிலைமையைச் சொன்னேன்.

"அங்கேயே இருங்கள், வருகிறேன்" என்றார் ஹெலன்.

ஒரு மணி நேரத்தில் ஒரு அழுக்கு வேன் வந்தது. அறுபது வயதைத் தாண்டிய பெண், முழங்கால் வரை சேறு, நகத்துக்குள் மண். வேனின் பின்னால் தொட்டிகள் குலுங்கின. எனக்கு ஒரு பிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தார். வழியெல்லாம் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்பூரில் இப்போது எவ்வளவு வெயில், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. சண்டைக்கு வந்தவனை இப்படி டீ கொடுத்துக் கூட்டிப் போனால் என்னதான் செய்வது? ஊர்ச் சத்திரம் மாதிரி ஒரு பப்பின் மாடியில் எனக்கு அறை சொல்லியிருந்தார். நாளைக்குக் காலை வெளிச்சத்தில் பார்க்கலாம், சாயங்கால வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அது ரங்கசாமி வழக்கமாகச் சொல்கிற பேச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டாம் நாள் காலை நர்சரிக்கு நடந்தே போனேன். வழியில் ஒரு பழைய சர்ச். அதன் கல் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, மண்ணென்று ஒரு பிடிகூட இல்லாத இடத்தில், மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாக நின்றன. எங்கள் ஊரில் சுவரில் அரசங்கன்று முளைத்தால் அன்றைக்கே ஆசிட் ஊற்றிவிடுவோம், விட்டால் வீட்டைப் பிளந்துவிடும். இங்கே ஒரு கொத்தனார் ஏணி போட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவை பூசிக்கொண்டிருந்தார். செடி வந்த இடங்களில் மட்டும் கரண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் கீழே நின்ற யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "இதைப் பிடுங்கினால் பாட்டிகள் என்னைப் பிடுங்கிவிடுவார்கள்." பூவின் வாசனை கீழே வரை வந்தது. கிராம்பை நசுக்கினால் வருமே, அந்த மாதிரி. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நர்சரியில் ஹெலன் முதலில் சாப்பாடு போட்டார். முட்டைக்கோஸ். வேகவைத்தது, அவ்வளவுதான். உப்பு தனியாக மேஜையில். தாளிப்பு இல்லை, தேங்காய் இல்லை, ஒரு கறிவேப்பிலை இல்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் விழுங்கினேன். எங்கள் வீட்டில் கடுகு போட்டுத் தாளிப்போம் என்று மட்டும் மரியாதையாகச் சொல்லிவைத்தேன்.

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கடுகும் முட்டைக்கோசும் ஒரே குடும்பம், உங்களுக்குத் தெரியாதா என்றார். காலிஃபிளவர், முள்ளங்கி, நான் லண்டனில் கடித்துப் பயந்த அந்த முளை, அவர் வளர்க்கும் வால்ஃபிளவர், எல்லாம் ஒரே வம்சமாம். நான்கு இதழ் சிலுவை மாதிரி இருக்கும், நீளமான காய் வரும், அதுதான் அடையாளமாம். எனக்கு நம்ப முடியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. பொங்கலூரில் என் மாமனார் தோட்டத்தில் பறிக்காமல் விட்ட முள்ளங்கி பூத்து நிற்கும். வெளிர் ஊதாவில் நான்கு இதழ். எத்தனையோ தடவை அதன் பிஞ்சுக் காயைப் பறித்து மென்றிருக்கிறேன். இத்தனை வருஷம் கடுகையும் கோசையும் ஒரே வாணலியில் போட்டு வதக்கிவிட்டு, இரண்டும் சொந்தக்காரர்கள் என்றே தெரியாமல் தின்றிருக்கிறேன். ஹெலன் ஒரு செடியிலிருந்து பச்சைக் காயைப் பறித்துத் தந்தார். கடித்தேன். சந்தேகமில்லாமல் கடுகு.

சாப்பிட்டு முடித்ததும் நானே பேச்சை எடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் ஒரு மேஜை மேல் பிளாஸ்டிக் கவரிலிருந்து பூவை எடுத்து வைத்தேன். பக்கத்தில் சட்டையை விரித்தேன். பூவில் இப்போது கொஞ்சம் பழுப்பு ஏறியிருந்தது. இருந்தாலும் ஊதா ஊதாதான். ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். "எங்கே தப்பு, காட்டுங்கள்."

ஹெலன் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தார். காம்பில் சுற்றியிருந்த பஞ்சு தன்னுடையதுதான் என்றார். பூவும் தன்னுடையதுதான். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்தியைப் பார்த்து நடந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

பாத்தி நிறைய ஒரே செடி. படத்தில் பார்த்த அதே ஆரஞ்சும் ஊதாவும். அவர் குனிந்து ஒரே ஒரு காம்பைப் பிடித்து என் பக்கம் சாய்த்தார். நுனியில் அடர்சிவப்பு மொட்டுகள். அதற்குக் கீழே புதிதாக விரிந்த பூக்கள், பழுத்த பப்பாளியை வெட்டினால் உள்ளே தெரியுமே அந்த நிறம். அதற்கும் கீழே, அதே காம்பில், ஊதா.

"விரியும்போது இது. ஒரு வாரம் ஆனால் அது. ஒவ்வொரு பூவும் இப்படித்தான் வயதாகும்" என்றார். "நான் உங்களுக்கு அனுப்பியது அன்று காலை விரிந்த பூ."

பிறகு சட்டையின் ஓரத்தைக் கீழே இருந்த பழைய பூ மேல் வைத்தார். துணி எங்கே முடிகிறது, இதழ் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் ஷேடு பார்த்தவன் நான். அப்படி ஒரு மேட்ச்சைப் பார்த்ததில்லை. ஹெலனும் பார்த்ததில்லை போலும், துணியை இரண்டு தடவை எடுத்து எடுத்து வைத்தார். "யார் இதற்குச் சாயம் போட்டது?" என்று கேட்டார். ரங்கசாமியின் பெயரைச் சொன்னேன். அவர் அதைத் தன் வாயில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"பாவம், கூரியர்காரர்கள் தாமதம் செய்துவிட்டார்கள். மூன்று நாளில் சேரும் என்று சொல்லித்தான் வாங்கினார்கள்" என்றார். "பெட்டி உங்களுக்கு எத்தனை நாள் கழித்து வந்தது?"

அப்போதுதான் எனக்கு அந்த டிராயர் ஞாபகம் வந்தது.

பெட்டி மூன்றே நாளில் வந்தது. அது ஒரு திங்கட்கிழமை காலை. பங்குனி உத்திரத்துக்கு நான் வருஷா வருஷம் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் மொண்டு, தீர்த்தக் காவடி எடுத்துப் பழநிக்கு நடப்பேன். அன்றைக்குக் கிளம்ப வேண்டும். பச்சை வேட்டி கட்டியாகிவிட்டது, கீழே வேன் ஹாரன் அடிக்கிறது. வாட்ச்மேன் பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். ஸ்டாண்டர்ட் தொலைந்தால் கம்பெனியே தொலைந்த மாதிரி என்று எங்களுக்குப் பழக்கம். அதனால் பத்திரமாக என் டிராயரில் வைத்து, பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன். லேபிலிருந்து ரங்கசாமி படி வரை வந்து ஒரு தேங்காயைக் கொடுத்து, பல்க், அதாவது மொத்தத் துணிச் சாயம், ஓடுவதால் தன்னால் வர முடியவில்லை, தன் பேருக்கும் ஒரு காய் உடைத்துவிடுங்கள் என்றார். பெட்டியைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை. நடந்து, தரிசனம் முடித்து, மொட்டை போட்டு, நான் திரும்பி டிராயரைத் திறந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. எட்டு நாள் அந்தப் பூ இருட்டில், என் பூட்டுக்குள், தன் பாட்டுக்கு வயதாகிக்கொண்டிருந்திருக்கிறது. துணித் துண்டாக இருந்தால் எட்டு மாதம் பூட்டி வைத்தாலும் அப்படியே இருந்திருக்கும். பூவையும் துணி மாதிரி நினைத்துப் பூட்டிவைத்த முட்டாள் நான்தான்.

ஹெலன் பதிலுக்குக் காத்திருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம், கூரியர்தான். ரொம்பத் தாமதம்" என்றேன்.

அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பொய் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. ஒரு விதத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுகூடத் தோன்றியது. கூரியர் மேல் பழியைப் போட்டால் ரங்கசாமிக்கும் வேலை கிடைக்கும், எனக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் முதலாளி அப்படியே விடுகிறவர் இல்லை, கூரியர் ஆபீசில் கேட்பார். பெட்டி எந்தத் தேதியில் வந்தது என்று வாட்ச்மேன் நோட்டிலேயே இருக்கும். இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டேதான் அறைக்குத் திரும்பினேன். சாயங்காலம் பப்பில் என் மேஜை மேல் ஒரு குட்டிப் பாட்டில் மஞ்சள் கடுகு விழுது வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு வறுவலில் தாராளமாகத் தடவி வாயில் போட்டேன். மண்டை வரை ஏறிக் கண்ணில் நீர் கொட்டியது. பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நான் துடைத்துக்கொண்டே, கடுகு கடுகு என்று சமாளித்தேன். அது கடுகு மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் நர்சரி வாசலில் நின்றேன். ஹெலன் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கூரியர் தாமதமில்லை, பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் போனது நான்தான் என்று சொல்லிவிட்டேன். எங்கே போனேன் என்றும் சொன்னேன். அவர் குழாயை மூடினார்.

"எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?"

"மூன்று நாளைக்கு மேலே. செருப்பில்லாமல்."

"நேற்றே ஏன் சொல்லவில்லை?"

பயம் என்றேன். அவர் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்து எங்கள் முதலாளிக்கு மெயில் எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெட்டிக்குள் எந்தப் பூ இருந்ததோ அதற்கு உங்கள் ஆள் கொஞ்சமும் பிசகாமல் நிறம் கொடுத்திருக்கிறார், சட்டைகளை வைத்துக்கொள்கிறேன், அடுத்த வருஷம் புதுப் பூவின் நிறத்துக்கும் அவரே சாயம் போட வேண்டும் என்று இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உங்கள் பங்கை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

பாத்திக்குப் போய் நின்றுகொண்டு முதலாளியைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது மத்தியானம். டிராயர், பூட்டு, பழநி, நேற்றுச் சொன்ன பொய், எதையும் விடாமல் சொன்னேன். அவருக்குப் பின்னால் யாரோ இந்தியில் பீஸ் எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. கடைசியில், "உங்க விசயத்த வந்தப்பறம் பாத்துக்கலாம். ரங்கசாமிய நாளைக்கே வரச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. அத்தன பேரு முன்னால பேசிப்போட்டனுங்க, எனக்கு மூஞ்சி இல்லீங்க" என்றார்.

ரங்கசாமி முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் எங்கோ தறிச் சத்தம். சாப்பிட்டீங்களா, அங்கே குளிராமே என்று விசாரித்தார். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுடையது மாஸ்டர் என்று ஆரம்பித்து, பூட்டிய டிராயர் வரைக்கும் வந்தேன்.

"தெரியுமுங்க சார்" என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"சட்டை சரியில்லைன்னு மெயில் வந்த அன்னிக்கு அந்தப் பெட்டிய எடுத்துப் பாத்தனுங்க. கூரியர் சீட்டுல பெட்டி வந்த திங்கக்கெழம தேதி போட்டிருந்துச்சுங்க. நீங்க எங்கையில குடுத்தது அடுத்த செவ்வாக்கெழமைங்க. பூவுதானுங்களே, மாறியிருக்குமுன்னு அப்பவே தோணுச்சுங்க."

"அப்புறம் ஏன் மாஸ்டர் சொல்லலீங்க? மொதலாளி அத்தன சத்தம் போட்டாரு. வேலைய விட்டே நிறுத்திட்டாரு."

தறிச் சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொன்னார்.

"நீங்க வெரதம் இருந்து தீர்த்தஞ் சொமந்துட்டுப் போனீங்க. எம்பேருக்கும் காய் ஒடச்சு திருநீறு கொண்டாந்து குடுத்தீங்க. அந்த நடையாலதான் இத்தன நட்டமுன்னு எந்த வாயில சொல்றதுங்க? எனக்கு வரலீங்க."

நான் அந்த மனிதரைக் காப்பாற்ற வந்தவன் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் டிராயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நாற்காலி அவருக்கு இருந்திருக்கும். அதைச் சொல்லாமல் பல்லடம் பஸ் ஏறிப் போயிருக்கிறார். நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார் மொதலாளி என்பதை மட்டும் எப்படியோ சொன்னேன். சரிங்க என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கோணுங்க. அந்தப் பூவு புதுசா விரிஞ்சிருக்கறப்ப நெசமா என்ன நெறமுங்க?"

என் முன்னால் பாத்தி நிறையப் பூ. அவர் இரண்டாயிரம் தடவை என்னிடம் கேட்டிருக்கும் கேள்விதான். எப்போதும் உடனே பதில் சொல்லிவிடுவேன். கண்ணைத் துடைத்தேன், மறுபடியும் கலங்கியது. மொட்டும் பூவும் பழைய பூவும் ஒன்றாகக் கரைந்து தெரிந்தன.

"கொஞ்சம் இருங்க மாஸ்டர்" என்றேன். "பாத்துச் சொல்றேன்."